சட்டைப் பையில் போன பில்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், ஹோட்டல் வேலைக்குப் போகும் எங்கள் பங்கு இளவட்டங்கள் சிலர் என்னைச் சுற்றிக்கொள்வார்கள். கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"சூசையண்ணா, பில் கட்டாம ஓடினவங்கள எத்தன பேர நீங்க தொரத்திப் புடிச்சிருக்கீங்க?"

கேட்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். போனில் அப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஹோட்டல் வேலை என்றாலே திருடன் போலீஸ் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சோறு போடப் போனவன், ஆள் பிடிக்கப் போனவன் இல்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். போன வாரம் அவர்களில் ஒருவன், தன் கடையில் இனிமேல் முதலிலேயே பணம் கட்டி டோக்கன் வாங்கினால்தான் உட்காரவே விடுவார்கள் என்றான். "அதான் நல்லதுங்கண்ணா, எவனையும் நம்ப முடியல" என்றும் சேர்த்துக்கொண்டான். எவனையும் நம்ப முடியவில்லையாம். வேலைக்குச் சேர்ந்து மீசைகூட ஒழுங்காக முளைக்காத பிள்ளைக்கு இப்படி ஒரு பேச்சு. வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. படிப்பு ஏறவில்லை. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் டேபிள் துடைத்தேன், தண்ணீர் வைத்தேன், பிறகு சப்ளையர் ஆனேன். அங்கிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் ஒரு பெரிய சைவ ஹோட்டலுக்கு மாறினேன். அங்கேயே தலை நரைத்து, சூப்பர்வைசராகி, அங்கேயே முடித்துக்கொண்டேன்.

வேலை என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் கடையின் மேனேஜர் பொன்னுசாமியிடம்தான். மோகனூர்க்காரர். கல்லாப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சப்ளையர் தப்புச் செய்தால் கிட்டத்தில் வந்து, காதில் மட்டும் விழும்படி பேசுவார். வாடிக்கையாளர் எதிரில் எங்களை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய் அதட்டுவார், அங்கே பாத்திரமே ஆடும்.

ஒருவர் பில் கட்டாமல் வாசலைத் தாண்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பின்னாலிருந்து சத்தம் போடக் கூடாது. ஓடக் கூடாது. எங்கள் கடையில் பீடா, கல்லாவில் பணம் கட்டிய பிறகு கையில் கொடுப்பது. அப்படி ஒரு பீடாவை எடுத்துக்கொண்டு, நிதானமாக நடந்து போய், அந்த ஆளுக்கு முன்பக்கமாக நின்று, "ஏனுங்க, பீடா வாங்காமப் போறீங்களே" என்று நீட்ட வேண்டும். பில் என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. மறந்து போனவருக்குப் பீடாவைப் பார்த்ததும் விளங்கிவிடும். "அடக் கருமமே, மறந்தே போயிட்டனுங்க" என்று பையைத் தடவிக்கொண்டு திரும்பி வருவார். கூட வந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. அவர் ஏதோ பீடா வாங்கத் திரும்பிப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

நான் வயசுத் திமிரில் ஒருநாள் கேட்டேன். "ஏமாத்தறதுக்குன்னே வந்தவன், பீடாவையும் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவானேங்க?"

"போறான் போ சாமி. அவனொருத்தனுக்காக மறந்துட்டுப் போறவன எல்லாத்தையும் நாம திருடன்னு கூப்புட முடியுமா?"

சொன்னபடியே ஒருவன் செய்தான். நல்ல வெள்ளைக் காரில் வந்தவன். பீடாவை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு, எனக்குக் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான். அந்தப் பில் யார் தலையில் விழுந்தது தெரியுமா? என் தலையில். போன பில்லை சப்ளையர் சம்பளத்தில் பிடிப்பது முதலாளியின் வழக்கம். அவன் தின்றான், முதலாளி விற்றார், நான் கட்டினேன். மேனேஜர் எனக்காக முதலாளியிடம் போய்க் கேட்டார். கேட்டதற்காக முதலாளி மேனேஜரிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. அந்த வழக்கம் இன்றைக்கும் பல கடைகளில் இருக்கிறது. ஊரைத் திருத்த வீடியோ போடுகிற மகராசர்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வீடியோ போடக் காணோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கையில் காசில்லாதவன் சாப்பிட்டுவிட்டு ஓடி நான் பார்த்ததில்லை. அவன் வாசலிலேயே தயங்கி நின்று, "மிச்சம் ஏதாச்சும் இருக்குங்களா" என்று கேட்பான். இல்லையென்றால் போய்விடுவான். ஏமாற்றியவர்கள் எல்லாரும் வயிறு நிறைந்தவர்கள். இப்போது போனிலேயே பணம் அனுப்பிவிட்டதாகப் பழைய ரசீதுப் படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் அப்படித்தான். காட்டுகிற போனின் விலைக்கு எங்கள் சப்ளையர் குடும்பம் பல மாதம் சாப்பிடலாம்.

சரி, கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விட்டதற்குக் காரணமே அதுதான்.

மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார். முதலாளிக்கும் முடியாமல் போய், கடையை மகன் எடுத்துக்கொண்டான். அவனைச் சின்னவர் என்று கூப்பிடுவோம். வந்ததும் கடை முழுக்கக் கேமரா வைத்தான். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது பில் கட்டாமல் போனால் அந்தப் படத்தை வெட்டிப் பாட்டுச் சேர்த்துப் போனில் பரப்ப ஆரம்பித்தான். அது அவனுக்கு வியாபாரத்தைவிடப் பிடித்துப்போனது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போவார்கள். அன்றைய சாப்பாடு மாப்பிள்ளை வீட்டார் செலவு என்பது பெரும்பாலும் பேசாமலே தெரிந்த விஷயம். ஆனாலும் பில் வந்ததும் பெண்ணின் அப்பா பர்ஸை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் கஞ்சன் என்று பேர் வரும். மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கையைப் பிடித்துத் தள்ளியாக வேண்டும். தள்ளாவிட்டால் அவருக்குப் பேர் கெடும். தள்ளியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு "கட்டியாச்சுங்களா?" என்று பெண் வீட்டார் வாயைத் திறக்க முடியாது. கேட்டால் சம்பந்தியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கூடப் பிறந்தவனிடம் கேட்கலாம், சம்பந்தியிடம் கேட்க முடியாது.

அன்று மதியம் ஜவுளி எடுத்த கையோடு இரண்டு வீட்டாரும் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். பெண் வீடு ஆட்டையாம்பட்டி. பெண்ணின் அப்பா அர்த்தநாரி, தறி ஓட்டுகிறவர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருந்தார், அதில் தோளை அசைக்கவே கூச்சப்படுகிறவர் மாதிரி இருந்தார். பெண்ணின் பெயர் கோகிலா, சேலத்தில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிற பெண். மாப்பிள்ளை வீடு எருமப்பட்டிப் பக்கம், பெரிய கோழிப்பண்ணை. மாப்பிள்ளையின் அப்பா ஆள் வாட்டசாட்டம். கையில் சாதத்தைப் பிசைந்துகொண்டே காதில் போனை வைத்துப் பேசுகிறவர். என்னைவிட வயதில் இளையவர், என்னைத் தம்பி என்றார். சம்பந்தி விருந்து என்பதால் டேபிளை ஒன்றாகச் சேர்த்துப்போட்டு நானே நின்று பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டில் பில்லை வைத்துக் கொண்டுபோனேன். அர்த்தநாரி எழுந்து பர்ஸை எடுத்தார். கோழிப்பண்ணைக்காரர் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார்.

"ஏனுங் சம்பந்தி, நானிருக்கறப்ப நீங்க எடுக்கறதா? மொதல்ல உள்ள வைங்க."

"அதில்லீங்க சம்பந்தி, இன்னிக்கு ஒருக்கா…"

"ஒருக்காவும் வேண்டாம், அரைக்காவும் வேண்டாம். ஜவுளி எடுக்கற அன்னிக்குச் சோறு எங்க பொறுப்புங்க."

டேபிள் முழுக்கச் சிரித்தார்கள். அவர் தட்டிலிருந்து பில்லை எடுத்து இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் கடையில் பில்லைக் கல்லாவில் கொடுத்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அதற்குள் அவருக்கு மறுபடி போன் வந்தது. முட்டை லோடு பற்றி ஏதோ சண்டை. பேசிக்கொண்டே பக்கவாட்டுக் கதவு வழியாக வண்டி நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார். அதே நேரம் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றதால் நான் அந்தக் கூட்டத்தைக் கவனிக்கப் போனேன்.

அர்த்தநாரி முன்வாசல் வழியாக வந்தார். கல்லாவில் நின்று, குழந்தைகளுக்காகக் கொஞ்சம் மிட்டாய்ச் சோம்பு அள்ளிக்கொண்டார், கேஷியரைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தார், கிளம்பினார். சம்பந்தி கட்டியிருப்பார் என்ற நம்பிக்கையில் வந்த சிரிப்பு அது. கல்லாக் கேமராவில் விழுந்தது அவர் முகம்தான்.

பில் கட்டாமல் நிற்கிறது என்று கேஷியர் சொன்னபோது இரண்டு வேனும் போய்விட்டன. நான் சின்னவரிடம் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டார் போனில் சொல்லித்தான் இடம் பிடித்தார்கள், நம்பர் நம்மிடமே இருக்கிறது, ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும் என்று. "நான் பாத்துக்கறேன் அண்ணா, நீங்க கெளம்புங்க" என்றான். நான் நம்பிக் கிளம்பினேன்.

அவன் பார்த்துக்கொண்ட லட்சணத்தை மறுநாள் காலை என் மருமகன் போனில் பார்த்தேன். அர்த்தநாரி முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'ஓசிச் சாப்பாட்டுக் குடும்பம்' என்று தலைப்பு. அவர் சிரிக்கிற இடத்தை மட்டும் மூன்று முறை திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு கேலிப் பாட்டு. பின்னால் நடந்து வரும் கோகிலா முகமும், சோம்பைக் கையில் வைத்திருக்கும் குழந்தைகள் முகமும் அப்படியே தெரிகின்றன. காபிகூடக் குடிக்காமல் கடைக்குப் போனேன்.

"தம்பி, ஹால் கேமராவப் போடுங்க. பில்ல யாரு எடுத்தாங்கன்னு பாருங்க" என்றேன்.

போட்டான். கோழிப்பண்ணைக்காரர் பில்லை மடித்துப் பையில் வைப்பது பளிச்சென்று தெரிந்தது.

"அட, இவருங்களா!" என்றான். பிறகு திரையை அணைத்துவிட்டான். "இவரு நம்ம பார்ட்டிங்கண்ணா. பண்ணை விசேசத்துக்கெல்லாம் நம்மகிட்டத்தான் ஆர்டர் குடுக்கறாரு. இவர் படத்தப் போட்டா அதெல்லாம் போயிரும்."

"அப்ப அந்தத் தறிக்காரரப் போடலாமா?"

"அவரு யாருன்னே நமக்குத் தெரியாதுங்களே அண்ணா."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. தெரிந்தவர் என்றால் மறதி, தெரியாதவர் என்றால் திருட்டு! என் சம்பளத்தில் வேண்டுமானால் பிடித்துக்கொள், அந்த வீடியோவை அழித்துவிடு என்றேன். "காசு பெருசில்லீங்கண்ணா, வீடியோ நல்லா ஓடிட்டு இருக்குது" என்றான். அந்த நிமிஷத்திலேயே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கேட்பவர்களுக்கு முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அர்த்தநாரியும் கோகிலாவும் இறங்கினார்கள். மனுஷன் அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நேரே கல்லாவுக்குப் போய், என்ன ஏது என்று கேட்காமல் முழுப் பணத்தையும் கட்டினார்.

சின்னவர் போனைக் கையில் எடுத்தான். "ஏனுங்க, தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்த பேசிருங்க. அதையும் போட்டுடறேன். உங்களுக்கும் நல்லதுங்க."

அந்த மனுஷன் பேசுவதற்கு வாயைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே போய்ப் போனைக் கையால் மறைத்தேன். "தம்பி, இதுக்கு மேல ஒரு படம் எடுத்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

அர்த்தநாரி என்னைக் கை கழுவுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்க பக்கத்துல நின்னீங்க, எல்லாம் பாத்தீங்க. எனக்குத் தெரியுமுங்க. ஆனா யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"ஏனுங்க? அவருதான பில்ல எடுத்துப் பையில வெச்சாரு?"

"சம்பந்தி நேத்துப் பொழுது சாயப் போன் பண்ணுனாருங்க. 'என்னங்க இப்படிப் பண்ணீட்டீங்க, எங்க சொந்தபந்தமெல்லாம் கேக்கறாங்க, பதில் சொல்ல முடியல'ன்னு என்னயே கேக்கறாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலைல போயிக் கட்டிர்றேன்னு சொன்னனுங்க. நீங்கதான கட்டறேன்னீங்கன்னு நான் எப்புடிங்க கேக்கறது? பொண்ணக் குடுக்கறவன். பத்திரிகை அடிச்சாச்சு. கேட்டுக் கல்யாணம் நின்னு போச்சுன்னா எம் புள்ளை கதி என்னங்க?"

குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். அழுவது எனக்குத் தெரியக் கூடாது என்றுதான். மறப்பது யாருக்கும் வரும். மறந்ததற்காக அந்தக் கோழிப்பண்ணைக்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பில்லைப் பையில் வைத்துக்கொண்டே இந்த ஆளைப் போனில் கூப்பிட்டுக் குற்றம் சொன்னாரே, அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது கோகிலா ஓரத்து டேபிள் பக்கம் நின்றிருந்தாள்.

"அண்ணா, நேத்து பில்ல யாருங்க எடுத்தாங்க? நான் அந்தக் கடைசியில இருந்தேன், சரியாப் பாக்கல. அப்பாவக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

அவள் அப்பா கெஞ்சியது இன்னும் காதிலேயே இருந்தது. சொன்னால் கல்யாணம் போகலாம். ஆனால் அந்த வீட்டுக்குப் போய் வாழப்போகிறவள் இவள்தானே? இவள் கேட்கிற கேள்விக்கு நான் யார் மறைப்பதற்கு? சொல்லிவிட்டேன். மடித்தது, பையில் வைத்தது, பக்கக் கதவால் போனது, எல்லாம் சொன்னேன்.

அவள் போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று டேபிள்மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, நேத்து ஹோட்டல் பில்லு உங்கப்பாகிட்டயா இருக்குது?"

"ஆமா, சட்டைப் பையில இருந்துச்சு. வந்து பாக்கறப்பத்தான் அவருக்கே ஞாபகம் வந்துச்சு" என்றான்.

"அப்ப உங்க ஊட்ல எல்லாத்துக்கும் தெரியுமா?"

"தெரியும். அதுக்குள்ள வீடியோ வந்துருச்சு. இப்பப் போயிச் சொன்னா அப்பா பேரு கெட்டுரும்ல? நாலு பேரு மதிக்கற மனுசன். உங்கப்பாவுக்கு என்ன, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க. நீ இதப் பெருசு பண்ணாத கோகிலா."

அவள் அழவில்லை.

"பெருசு பண்ணலீங்க" என்றாள். "நேத்து எடுத்த சீலையக் கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க. அதுக்கு பில்லு வேணும்னு கேப்பாங்க. உங்கப்பா பையிலயே இருக்கும், பாருங்க."

போனை வைத்துவிட்டாள். அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகளைப் பார்த்தார், டேபிள்மேல் கிடந்த போனைப் பார்த்தார்.

"யாரு சாமி போன்ல?"

"அவருதாங்கப்பா. நமக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். சட்டையைப் பிடித்திருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"சொல்லீட்டீங்களா?"

"சொல்லிட்டேனுங்க."

வாசலில் வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. கல்லாவில் இருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒரு நாற்காலியை இழுத்து மகளுக்குப் போட்டார். எதிர் நாற்காலியில் தானும் உட்கார்ந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"புள்ளை நேத்துச் சாயங்காலத்துல இருந்து பச்சத் தண்ணி குடிக்கலீங்க. ரெண்டு பேருக்கும் இட்லி வைங்க" என்றார். "பில்ல எங்கிட்டயே குடுங்க."